கேமிங் மானிட்டர்: எந்த எண்ணுக்குக் காசு கொடுக்கலாம்?

மானிட்டர் பற்றிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே பதில் சொல்லிவிடுகிறேன். மானிட்டர் பிராண்டு, மாடல் பெயர் எதையும் சொல்லவில்லை. மாடல் மாறிக்கொண்டே இருக்கும், விலையும் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது அவ்வளவு சீக்கிரம் மாறாது.

கேள்வி: திருச்சியில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் இருக்கிறது. பெரும்பாலும் ஆடும் கேம் வேலோரன்ட், லீவு விட்டால் எல்டன் ரிங். இரண்டு மானிட்டர்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 24 இன்ச், ஃபுல் எச்டி, 180 ஹெர்ட்ஸ், ஐபிஎஸ் பேனல். இன்னொன்று 27 இன்ச், அதே ஃபுல் எச்டி, 240 ஹெர்ட்ஸ், வளைந்த விஏ பேனல். பெரியதற்கு 2,000 ரூபாய்தான் கூடுதல். அதையே எடுத்துவிடலாமா?

பதில்: 24 இன்ச்சையே எடுங்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பலரும் தேவையில்லாமல் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள்.

முதலில் ஹெர்ட்ஸ், அதாவது திரை வினாடிக்கு எத்தனை முறை புதுப் படத்தை (ஃப்ரேம்) காட்டும் என்ற எண். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேம் போய் அடுத்தது வர 16.7 மில்லிசெகண்ட் ஆகும். 144 ஹெர்ட்ஸில் 6.9. ஏறக்குறைய பத்து மில்லிசெகண்ட் குறைகிறது. இந்த வித்தியாசம் கண்ணுக்கும் கைக்கும் உடனே தெரியும், மௌஸைத் திருப்பினால் காட்சி கூடவே திரும்பும். 180இல் 5.6, 240இல் 4.2. அதாவது 180இலிருந்து 240க்குப் போனால் குறைவது வெறும் 1.4 மில்லிசெகண்ட். போட்டிகளில் ஆடுபவர்களுக்கு அதுவும் தேவைப்படலாம். ஆனால் அந்த 240 முழுசாகக் கிடைக்க, உங்கள் லேப்டாப் வினாடிக்கு 240 ஃப்ரேம் விடாமல் தர வேண்டும். வேலோரன்ட் லேசான கேம். செட்டிங்கைக் குறைத்து வைத்தால் உங்கள் கார்டு நூறுக்கு மேல் தாராளமாகத் தரும், 240இலேயே நிற்குமா என்பது வேறு விஷயம். எல்டன் ரிங்கோ 60 ஃப்ரேமுக்கு மேல் போகாதபடி கேமிலேயே பூட்டி வைத்திருக்கிறார்கள். அதில் 240 ஹெர்ட்ஸுக்குக் கொடுத்த காசு அப்படியே வீண்.

அடுத்தது அளவு. ஃபுல் எச்டி என்றால் எந்தத் திரையிலும் 1920க்கு 1080 புள்ளிகள்தான். 24 இன்ச்சில் பரப்பினால் ஒரு இன்ச்சுக்குச் சுமார் 92 புள்ளி வரும், 27 இன்ச்சில் 82. சோபாவில் உட்கார்ந்து பார்க்கும் டிவிக்கு இது பரவாயில்லை. மேசையில் இரண்டடி தள்ளி உட்காரும்போது எழுத்தின் ஓரங்கள் பிசிறடிக்கும். நீங்கள் புராஜெக்டுக்குப் புரோகிராம் எழுதப்போவதும் இதே திரையில்தானே. 27 இன்ச் வாங்குவதென்றால் 2560க்கு 1440 இருக்க வேண்டும். கடைகளில் 2கே என்று சொல்வது இதைத்தான். அதில் இன்ச்சுக்கு 109 புள்ளி வரும், எழுத்து கூர்மையாகத் தெரியும். ஆனால் மொத்தப் புள்ளிகள் 20.7 லட்சத்திலிருந்து 36.9 லட்சமாகிவிடும், அத்தனையையும் வரைந்து தள்ள வேண்டியது உங்கள் கார்டு. பெரிய கேம்களில் 3050 திணறும். அதனால் உங்களுக்கு இப்போதைக்கு 24 போதும்.

இனி பேனல். ஐபிஎஸ், விஏ இரண்டும் எல்சிடி திரையின் இரண்டு வகைகள். விஏவில் கறுப்பு நன்றாக இருக்கும். ஐபிஎஸ்ஸின் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) பெரும்பாலும் 1000:1 அளவில் இருக்கும், விஏவில் 3000:1 வரை வரும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பவர்களுக்கு நானே விஏ வாங்கச் சொல்வேன். ஆனால் விலை குறைந்த விஏக்களில் கறுப்பிலிருந்து சாம்பல் நிறத்துக்குப் புள்ளிகள் மெதுவாகத்தான் மாறும். இருட்டுக் குகையில் கேமராவைச் சுழற்றினால், ஈர மையைக் கையால் தேய்த்தது போல நிழல் பின்னால் இழுபடும். எல்டன் ரிங்கில் குகைக்கும் இரவுக்கும் பஞ்சமே இல்லை.

அட்டைப் பெட்டியில் இரண்டிலும் ‘1 எம்எஸ்’ (ஒரு மில்லிசெகண்ட்) என்றுதான் போட்டிருப்பார்கள். அதை வைத்து இரண்டையும் ஒப்பிடாதீர்கள். புள்ளி நிறம் மாற ஆகும் நேரத்தைச் சொல்வது ஒரு வகை. பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டு, கண்ணுக்குத் தெரியும் மங்கலைக் குறைத்து அளப்பது இன்னொரு வகை. முதல் வகையிலும், புள்ளியை வேகமாக நிறம் மாறவைக்கும் ‘ஓவர்டிரைவ்’ என்ற செட்டிங்கை உச்சத்தில் வைத்து எடுத்த எண்ணைத்தான் போடுகிறார்கள். அந்த உச்சத்தில் வைத்து விளையாடினால் நகரும் உருவத்துக்குப் பின்னால் வெளிறிய விளிம்பு ஒன்று தெரியும். வாங்கிய பிறகு ஓவர்டிரைவை நடுவில் வையுங்கள், பெரும்பாலான மானிட்டர்களுக்கு அதுதான் சரியாக வரும்.

கடையில் வாங்குவதாக இருந்தால் லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்க்கக் கேளுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் பில் போடுவதற்கு முன் போட்டுக் காட்டுவது வழக்கம்தான். கடையில் ஓடும் கலர்கலரான டெமோ வீடியோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதில் எல்லா மானிட்டரும் அழகாகத்தான் தெரியும். கறுப்புப் பின்னணியில் சாம்பல் நிற எழுத்துள்ள ஒரு பக்கத்தைத் திறந்து வேகமாக ஸ்க்ரோல் செய்யுங்கள். எழுத்து வால் விடுகிறதா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அப்புறம், பலரும் கவனிக்காத ஒன்று: விலை குறைந்த பல மானிட்டர்களில் அந்த 180 ஹெர்ட்ஸ், டிஸ்ப்ளேபோர்ட் என்ற இணைப்பில் மட்டும்தான் கிடைக்கும். எச்டிஎம்ஐயில் 144தான் வரும். லேப்டாப்களில் டிஸ்ப்ளேபோர்ட் தனியாக இருப்பது அபூர்வம். உங்கள் லேப்டாப்பின் டைப்-சி போர்ட் வீடியோ தருமா என்று பாருங்கள். தரும் என்றால் டைப்-சியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் கேபிள் ஒன்று போதும். இல்லையென்றால் 144இல் ஆடுங்கள். மேலே சொன்ன கணக்குப்படி பார்த்தால் பெரிய நஷ்டம் இல்லை.

கேள்வி: 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. பழைய மானிட்டருக்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: பெரும்பாலும் விண்டோஸ் இன்னும் 60 ஹெர்ட்ஸிலேயே ஓடிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் 165ஐத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் 165 வரவில்லை என்றால் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். கேமுக்குள்ளும் ஃப்ரேம் வரம்பு 60 என்று இருக்கிறதா, ஃப்ரேமைத் திரையின் வேகத்தோடு கட்டிவைக்கும் வி-சிங்க் ஆனில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது என்விடியா கார்டு. பிடித்த மானிட்டரில் ஃப்ரீசிங்க் என்று போட்டிருக்கிறது, அது ஏஎம்டி கார்டுக்குத்தானே?

பதில்: அந்தக் காலம் போய்விட்டது. ஏஎம்டியின் ஃப்ரீசிங்க், என்விடியாவின் ஜி-சிங்க் இரண்டும் கார்டு தரும் ஃப்ரேமுக்கு ஏற்பத் திரையை ஓடவைக்கும் வசதிகள்தான். 2019 ஜனவரியிலிருந்து ஜிடிஎக்ஸ் 10 வரிசையும் அதற்குப் பின் வந்த என்விடியா கார்டுகளும் டிஸ்ப்ளேபோர்ட் வழியாக இத்தகைய மானிட்டர்களோடு சேர்ந்து வேலை செய்கின்றன. ஜி-சிங்க் சிப் பொருத்திய மானிட்டருக்கு என்று தனியாக அதிகம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: மதுரையிலிருந்து எழுதுகிறேன். பிளஸ் டூ படிக்கும் மகன் 18,000 ரூபாயில் கேமிங் மானிட்டர் கேட்கிறான். சாதாரண மானிட்டர் 8,000க்குக் கிடைக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டர் ஐந்து வருடப் பழசு, கிராபிக்ஸ் கார்டு தனியாக இல்லை. கேமிங் என்று பெயர் போட்டுக் கொள்ளையடிக்கிறார்களா? கண்ணுக்குக் கெடுதலா?

பதில்: ஐயா, கொள்ளை என்று சொல்ல மாட்டேன், அந்த விலைக்கு உள்ளே சரக்கு இருக்கிறது. ஆனால் கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் அந்தச் சரக்கு வெளியே வராது. இப்போது ஆபீஸ் மானிட்டர்களே 100 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ்ஸில் வருகின்றன. இன்றைக்கு உங்கள் வீட்டுக்கு அது போதும்.

ஒரே ஒரு யோசனை. மானிட்டர் சட்டென்று பழசாகிற பொருள் இல்லை, கம்ப்யூட்டர் மாறினாலும் அது அப்படியே இருக்கும். அடுத்த வருடம் கல்லூரிக்கு நல்ல கம்ப்யூட்டர் வாங்கித் தரும் எண்ணம் இருந்தால், இப்போதே 24 இன்ச், ஃபுல் எச்டி, 144 அல்லது 180 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் ஒன்றை வாங்கிவிடலாம். 18,000 தேவைப்படாது. முதுகில் ஓடும் வண்ண விளக்கு, பெரிய பிராண்டின் தனி கேமிங் முத்திரை இவற்றுக்குத்தான் சில மாடல்களில் விலை ஏறுகிறது. அதை விட்டுவிட்டு, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டாண்ட் உள்ள மாடலாகப் பாருங்கள். மணிக்கணக்கில் உட்காரும் பிள்ளையின் கழுத்துக்கு அது நல்லது.

கண்ணைப் பொறுத்தவரை, அதிக ஹெர்ட்ஸால் கெடுதல் இல்லை. பின்விளக்கு விட்டுவிட்டு எரியாத ‘ஃப்ளிக்கர் ஃப்ரீ’ வகையாகப் பாருங்கள். அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் திரை வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபதடி தூரத்தில் உள்ள எதையாவது இருபது வினாடி பார்க்கச் சொல்லி கண் மருத்துவர்கள் அறிவுறுத்துவதும் உண்டு. கண்ணைக் களைப்பாக்குவது எடுக்காத இடைவேளைதான்.

கேள்வி: பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கன்சோலுக்கு 27 இன்ச் 2கே மானிட்டர் போதுமா, 4கேதான் வேண்டுமா?

பதில்: போதும். 2022 செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு பிஎஸ்5 நேரடியாக 2560க்கு 1440ஐயும் தருகிறது. எச்டிஎம்ஐ 2.0 இருந்தாலே 120 ஹெர்ட்ஸ் வரும். ஆனால் ஃப்ரேம் ஏறி இறங்கும்போது திரையும் அதற்கேற்ப ஓடும் விஆர்ஆர் வசதி பிஎஸ்5இல் எச்டிஎம்ஐ 2.1 மானிட்டரில்தான் வேலை செய்யும், ஃப்ரீசிங்க் மட்டும் உள்ள மானிட்டரில் செய்யாது. எக்ஸ்பாக்ஸுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ‘எச்டிஎம்ஐ 2.1’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். 2.1இன் புது வசதிகள் எதுவும் இல்லாத போர்ட்டுக்கும் அந்தப் பெயரை வைக்க விதி இடம் கொடுக்கிறது. விஆர்ஆர் உண்டா என்று தனியாகக் கேளுங்கள். ஸ்பீக்கர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல கேமிங் மானிட்டர்களில் இருக்காது.

கேள்வி: எச்டிஆர் உள்ள மானிட்டருக்கு 3,000 ரூபாய் கூடக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: எச்டிஆர் என்பது வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் விரிவாகக் காட்டும் முறை. இருபதாயிரத்துக்குள் வாங்குகிறீர்கள் என்றால் அதற்காகக் கொடுக்காதீர்கள். ‘எச்டிஆர்10 சப்போர்ட்’ என்றால் அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்று மட்டும்தான் அர்த்தம். டிஸ்ப்ளேஎச்டிஆர் 400 முத்திரைக்கும் பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதி கட்டாயமில்லை. அந்த வசதி இல்லாமல் எச்டிஆரைப் போட்டால் கறுப்பெல்லாம் வெளுத்துத் தெரியும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய மானிட்டரின் நடுவில் பச்சைப் புள்ளி ஒன்று எரிந்துகொண்டே இருக்கிறது. விற்பனையாளர், “ஒரு புள்ளிக்கெல்லாம் மாற்றித் தர மாட்டோம், சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்” என்கிறார். என்ன செய்வது?

பதில்: மானிட்டர் கம்பெனிகள் பலவும் ஒன்றிரண்டு புள்ளிக் குறையை வாரண்டியில் சேர்ப்பதில்லை. ஆனால் இருண்ட புள்ளிக்கு ஒரு கணக்கு, எரியும் புள்ளிக்கு வேறு கணக்கு வைத்திருப்பார்கள். பல கம்பெனிகள் எரியும் புள்ளியைக் கடுமையாகவே எடுத்துக்கொள்கின்றன. உங்கள் மாடலின் விதியை கம்பெனி இணையதளத்தில் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புத் திரையில் அந்தப் புள்ளியைப் படம் எடுங்கள், பில், பெட்டியில் உள்ள சீரியல் எண் இவற்றையும் சேர்த்துப் படம் எடுங்கள்.

ரிட்டர்ன் காலம் முடியவில்லை என்றால் சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டாம், முதலில் விற்ற தளத்தின் ஆப்பிலேயே எழுத்தில் புகார் பதியுங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி இருக்காது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பனையாளர் மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒரு புள்ளியைக் குறை என்று ஒப்புக்கொள்ள மாட்டோம் என்று வாதம் வரலாம். அங்கேதான் கம்பெனியின் சொந்த விதியும் படங்களும் உதவும்.

அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். பெரும்பாலான விவகாரம் அங்கேயே முடிந்துவிடக்கூடும். முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: கேமிங் சென்டர் ஒன்றை மூடுகிறார்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்களைப் பாதி விலைக்குத் தருகிறார்களாம். வாங்கலாமா?

பதில்: தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரிந்த பின்விளக்கு அது. பில் இருந்து, வாரண்டியில் ஒரு வருடமாவது மீதி இருந்தால் யோசிக்கலாம். பின்பக்க ஸ்டிக்கரில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும், பில்லோடு ஒத்துப் பாருங்கள். வெள்ளைத் திரையைப் போட்டு மூலைகள் மஞ்சளித்திருக்கிறதா என்று பாருங்கள், போர்ட்களில் கேபிளை மாட்டி ஆட்டிப் பாருங்கள். வாரண்டி முடிந்துபோனது என்றால் பாதி விலைக்கும் வேண்டாம், கால் விலை என்றால் மட்டும் பேசுங்கள்.