சி.ஏ. இன்டர் மறுபடி போய்விட்டதா? மதிப்பெண்ணைக் கூட்டிப் பாருங்கள்

"என் மகள் இரண்டு தடவை எழுதியும் சி.ஏ. இன்டரில் முதல் குரூப் கிடைக்கவில்லை, இன்னும் எத்தனை வருஷம் பொறுப்பது, நிறுத்திவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த முடிவை மனக்கஷ்டத்தில் எடுக்காதீர்கள். ரிசல்ட்டில் வந்த மூன்று மதிப்பெண்களை ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்: அக்கவுன்ட்ஸ் 61, சட்டம் 38, வரி 44. மொத்தம் 143.

ஆடிட்டர் படிப்பான சி.ஏ.வின் நடுக்கட்டத் தேர்வு இன்டர். அதில் மூன்று மூன்று தாளாக இரண்டு குரூப். ஒரு குரூப் தேற ஒவ்வொரு தாளிலும் 40, மூன்றும் சேர்ந்து 150 வேண்டும். உங்கள் மகளுக்குச் சட்டத்தில் 2 மார்க்கும் மொத்தத்தில் 7 மார்க்கும் குறைகின்றன. ஆனால் அக்கவுன்ட்ஸ் 60-ஐத் தாண்டியதால் அந்தத் தாளுக்கு எக்ஸெம்ப்ஷன், அதாவது மறுபடி எழுத வேண்டாம் என்ற விலக்கு, வந்துவிட்டது. அந்த 61 அடுத்த முறை மொத்தத்திலும் சேரும். ஆகவே எழுத வேண்டியது இரண்டே தாள். இரண்டிலும் 40-க்குக் குறையாமல் 200-க்கு 89 எடுத்தால் போதும். இப்போதே 82 எடுத்திருக்கிறாள்.

இங்கேதான் பல பெற்றோர் நல்லெண்ணத்தோடு தவறு செய்கிறார்கள். "ஆறு மாசம் ஓய்வெடு, நிதானமாக எழுதலாம்" என்கிறார்கள். எக்ஸெம்ப்ஷன் அடுத்து வரும் மூன்று தேர்வுகளுக்குத்தான். 2024 முதல் இன்டர் ஜனவரி, மே, செப்டம்பர் என்று ஆண்டுக்கு மூன்று முறை நடப்பதால், அந்த மூன்றும் ஒரே வருஷத்தில் ஓடிவிடும். எழுதாமல் விட்ட தேர்வும் கணக்கில் கழியும். ரிசல்ட்டுக்கும் அடுத்த தேர்வுக்கும் நடுவில் சுமார் இரண்டு மாதம்தான் கிடைக்கும். இரண்டு தாளுக்கு அது போதும். ஃபார்ம் போடும் தேதியும் ரிசல்ட்டை ஒட்டியே வரும் என்பதால் அழுது தீர்த்த பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். குரூப்பில் எழுத வேண்டிய எல்லாத் தாளையும் எழுதியிருந்தால்தான் 60-ஓ அதற்கு மேலோ வாங்கிய தாளுக்கு எக்ஸெம்ப்ஷன் உண்டு. இரண்டாம் தாள் சொதப்பியது என்று மூன்றாம் தாளுக்குப் போகாமல் வீட்டில் படுத்துக்கொள்ளும் பிள்ளைகள் ஏராளம். முதல் தாளில் 65 வந்திருந்தாலும் அது வீண். அன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டிய உதவி, பேசாமல் சென்டர் வாசல்வரை கூட்டிப்போய் விடுவதுதான்.

இரண்டாம் குரூப்பையும் சேர்த்து எழுதலாமா? சேர்த்து எழுதுவதில் ஒரு லாபம் உண்டு. எல்லாத் தாளிலும் 40 இருந்து இரண்டு குரூப்பும் சேர்ந்து 300 வந்தால், ஒரு குரூப்பில் 145-தான் என்றாலும் இரண்டும் பாஸ். ஆனால் அந்தக் குரூப்பின் பாடங்களை ஒரு சுற்றாவது முடித்தவருக்குத்தான் இந்தக் கணக்கு. முடிக்கவில்லையென்றால் இந்த முறை சட்டமும் வரியும் மட்டும் போதும் என்பது என் கருத்து. இரண்டு குரூப்பும் முடித்தால்தான் ஆர்ட்டிகிள்ஷிப் என்கிற ஆடிட்டரிடம் பெறும் பயிற்சியில் சேர முடியும் என்ற அவசரம் உங்களுக்கு இருக்கும், புரிகிறது. ஆனாலும் ஐந்து தாளை அரைகுறையாக எழுதுவதால் அந்த நாள் சீக்கிரம் வந்துவிடாது.

இந்த வாரமே செய்ய வேண்டியது, சட்டத்துக்கும் வரிக்கும் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிப்பது. ரிசல்ட் வந்து ஒரு மாதம்தான் அவகாசம். மறுகூட்டல் உண்டு, மறுமதிப்பீடு கிடையாது. ஆகவே மார்க் ஏறும் என்று எதிர்பார்த்து வாங்க வேண்டாம், எங்கே போயிற்று என்று பார்க்க வாங்குங்கள். சட்டத் தாளில் 38 வாங்குகிறவர்களின் நகலில் பெரும்பாலும் இரண்டு கோளாறுதான். முதலாவது, "ஆம், கம்பெனி செய்தது தவறு" என்று முடிவை மட்டும் எழுதியிருப்பது. சட்டம் என்ன சொல்கிறது, கேள்வியில் உள்ள சம்பவத்துக்கு அது எப்படிப் பொருந்துகிறது, ஆகவே முடிவு என்ன என்று மூன்று பத்தியாக எழுத வேண்டும். பிரிவு எண் உறுதியாகத் தெரியாவிட்டால் எண்ணை விட்டுவிட்டு "கம்பெனிகள் சட்டத்தின்படி" என்றே தொடங்கலாம். தப்பான எண்ணைவிட அது எவ்வளவோ மேல். இரண்டாவது, கடைசிக் கேள்விக்கு நேரமில்லாமல் போவது. 180 நிமிடத்தில் 30 மார்க் கொள்குறி வினாக்களுக்கு 50 நிமிடம் கொடுத்தால், மீதி 70 மார்க்குக்கு 130 நிமிடம். அதாவது 14 மார்க் கேள்விக்கு 26 நிமிடம். கொள்குறியில் இன்டரில் நெகட்டிவ் மார்க் இல்லை, ஒன்றைக்கூட வெற்றாக விடக் கூடாது.

வரித் தாளுக்குப் பழைய புத்தகம் ஆகாது. ஒவ்வொரு தேர்வுக்கும் எந்த ஆண்டின் நிதிச் சட்டம் பொருந்தும் என்று சி.ஏ. தேர்வை நடத்தும் இன்ஸ்டிடியூட் அறிவிக்கும். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதில் 2025 சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலாவதால், அண்ணன் படித்த புத்தகம், சீனியர் கொடுத்த நோட்ஸ் எல்லாம் இனி ஆபத்து. அந்தத் தேர்வுக்கென்று இன்ஸ்டிடியூட் வெளியிடும் ஆர்.டி.பி. (ரிவிஷன் டெஸ்ட் பேப்பர்) என்ற பயிற்சித் தாளை எடுத்து ஒத்துப் பாருங்கள்.

மறுபடி கோச்சிங் சேர்ப்பதற்கு நான் எதிரி. நாற்பதை ஒட்டி நிற்கிறவளுக்குப் பாடம் ஓரளவு தெரியும், எழுதித்தான் பழக்கமில்லை. வீடியோ கிளாஸை முதலிலிருந்து பார்த்தால் ஒரு மாதம் போய்விடும், படித்த திருப்தி மட்டும் மிஞ்சும். எட்டு வாரம் இருந்தால் நான்கு வாரம் இரண்டு பாடத்தையும் திரும்பப் படித்துச் சுருக்கக் குறிப்பு எடுக்கட்டும், மூன்று வாரம் மாதிரித் தாள்களை எழுதட்டும், கடைசி வாரம் குறிப்பை மட்டும் புரட்டட்டும். தேர்வு நடப்பது மதியம் 2 முதல் 5 வரை. மாதிரித் தேர்வையும் சாப்பிட்ட கையோடு அதே 2 மணிக்கு எழுத வேண்டும், கண் சொக்கும் நேரத்தில் கை ஓடுகிறதா என்று அப்போதுதான் தெரியும். தாளுக்கும் தாளுக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு நாள் இடைவெளிதான். ஒரு பாடக் குறிப்பு ஒன்றரை நாளில் புரட்டி முடிக்கிற அளவு இருக்க வேண்டும்.

உங்களிடம் ஒன்று. "இன்னிக்கு எத்தனை மணி நேரம் படிச்சே?" என்று தினமும் கேட்காதீர்கள். வாரம் ஒரு முறை, "எழுதின பேப்பரைக் காட்டும்மா" என்று கேளுங்கள். பொறியியல் முடித்து வேலைக்குப் போன பக்கத்து வீட்டுப் பையனை ஒப்பிட வேண்டாம். ஒரு தடவைகூடத் தவறாமல் எழுதினாலே பிளஸ் டூவுக்குப் பிறகு சி.ஏ.வுக்கு ஏறக்குறைய மூன்றரை வருஷம் ஆகும். கூடவே பி.காம். படித்தால் அதில் அரியர் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லையும் இருக்கட்டும். மாதிரித் தேர்வுகளை ஒழுங்காக எழுதியும் அடுத்தடுத்து இரண்டு தேர்வில் தாள்களில் மார்க் முப்பதுகளிலேயே நின்றால், மூன்றாவதுக்கு அப்படியே ஃபார்ம் போடாதீர்கள். காஸ்ட் அக்கவுன்டன்ட் படிப்பான சி.எம்.ஏ.விலும் தாளுக்கு 40, மொத்தத்தில் 50 சதவீதம் என்ற இதே கணக்குதான், பாடங்கள் பலவும் பொது. ஒரு ஆடிட்டர் அலுவலகத்திலோ கம்பெனியிலோ ஜி.எஸ்.டி., அக்கவுன்ட்ஸ் வேலைக்குச் சேர்ந்துவிட்டு அடுத்த வருஷம் எழுதுவதும் ஒரு வழி. எந்தப் பக்கம் போவது என்பதை ரிசல்ட் வந்த இரவில் பேச வேண்டாம். விடைத்தாள் நகல் வந்த பிறகு, அதை நடுவில் வைத்துக்கொண்டு மகளோடு உட்கார்ந்து பேசுங்கள்.