துரைசாணி கொடுத்த வெள்ளிக் கண்ணாடியை எடைக்குப் போடலாமா?

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய பாட்டி காபி எஸ்டேட் பங்களாவில் வேலை பார்த்தவர். 1950களில் துரைசாணி சீமைக்குக் கப்பல் ஏறியபோது, தான் தினமும் தலை வாரிக்கொண்ட மேஜைக் கண்ணாடியைப் பாட்டி கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பூவேலை செய்த வெள்ளிச் சட்டம், உச்சியில் துரைசாணியின் பெயரெழுத்து. இப்போது சட்டம் கறுத்து, கண்ணாடி ஓரத்தில் புள்ளி விழுந்துவிட்டது. மகள் கல்யாணத்துக்குக் கொடுக்க ஆசை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் காட்டினால், எடைக்குப் போட்டுக் கொலுசு வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எழுத்தை அழித்து, கண்ணாடியை மாற்றி, பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்றார்களாம்.

இரண்டும் வேண்டாம் அம்மா.

முதலில் எடை. இந்த மாதிரிச் சட்டம் கட்டி வெள்ளி கிடையாது. சாமிக் கவசத்துக்குத் தட்டுகிற மாதிரி மெல்லிய தகட்டில் பூவை எழுப்பி, மரத்தின் மேலே பொருத்தியிருப்பார்கள், சிலவற்றில் உள்ளே அரக்கும் இருக்கும். கையில் கனக்கிறதே என்றால், அது பெரும்பாலும் மரமும் கண்ணாடியும்தான். உரித்து எடுத்தால் கொஞ்சம் வெள்ளிதான் தேறும், பாட்டியின் கண்ணாடி போய்விடும்.

சட்டத்தின் கீழ் ஓரத்தை டார்ச் அடித்து லென்ஸில் பாருங்கள். நடக்கிற சிங்க முத்திரை குத்தியிருந்தால் இங்கிலாந்தில் சோதித்த ஸ்டெர்லிங் வெள்ளி, ஆயிரத்துக்கு 925 பங்கு, நம் கடைக்காரர் பாஷையில் 92.5 டச். பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்காம், சிறுத்தைத் தலை என்றால் லண்டன். கூடவே இருக்கிற ஒற்றை எழுத்து வருஷத்தைச் சொல்லும். இதெல்லாம் இல்லாமல் ஈ.பி.என்.எஸ். என்று இருந்தால், செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை மேல் வெள்ளி முலாம். அப்போது உருக்குகிற பேச்சே இல்லை, அழுத்தித் தேய்த்தாலே முலாம் போய்விடும்.

கறுப்பு அழுக்கு இல்லை. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து சில்வர் சல்ஃபைடு ஆகிறது, ஏற்காட்டுப் பனிமூட்டமும் ஈரமும் அதைச் சீக்கிரமாக்கும். குத்துவிளக்குக்குப் போடுகிற விபூதி, பல்பொடி, புளி எதுவும் இதன் பக்கம் வரக்கூடாது. சோடா உப்பும் அலுமினியத் தாளும் போட்ட வெந்நீரில் முக்குவது தட்டு, டம்ளருக்குச் சரி, இதில் மரமும், பின்பக்கம் வெல்வெட் இருந்தால் அதுவும் ஊறிப்போகும். நைசான சீமைச்சுண்ணாம்புத் தூளை இரண்டு சொட்டு டிஸ்டில்ட் வாட்டரில் குழைத்து, பஞ்சில் தொட்டு, பூவின் மேட்டை மட்டும் மெதுவாகத் துடையுங்கள், பள்ளத்தில் இருக்கிற கறுப்பு அப்படியே இருக்கட்டும், அந்தக் கறுப்பால்தான் இதழ் இதழாகத் தெரிகிறது. நான் தொழில் பழகிய ஒரு பட்டறையில் இதே மாதிரிச் சட்டத்தைப் பாலிஷ் போடச் சுழல்கிற பஃப் சக்கரத்தில் பிடித்தார்கள். ரோஜா இதழின் நரம்பெல்லாம் மழுங்கி, மேட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து, உள்ளே இருந்த அரக்கு தெரிந்தது. அதை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

அப்புறம் கண்ணாடி. ரசம் போய்விட்டது என்று நாம் சொன்னாலும் இதில் பாதரசம் இருக்க வாய்ப்பு குறைவு. 1835இல் ஜெர்மனியின் வேதியியல் அறிஞர் லீபிக், கண்ணாடி மேல் வெள்ளியைப் படியவைக்கும் வழி கண்டுபிடித்தார், பிறகு மெல்ல மெல்ல அதுவே வழக்கமாகிவிட்டது. ஆக, ஓரத்துப் புள்ளியும் வெள்ளி கெட்டதுதான், சட்டத்துக்கு வந்த அதே நோய். மாற்றாதீர்கள், பாட்டி முகம் பார்த்த கண்ணாடி அது. துடைக்கும்போது திரவத்தை நேரே தெளிக்காமல் துணியில் நனைத்துத் துடையுங்கள், ஓரத்தில் இறங்கினால் புள்ளி பரவும்.

எழுத்தை அழிக்க வேண்டுமென்றால் தகட்டைச் சுரண்ட வேண்டும், அந்த மெல்லிசு தாங்காது. தாங்கினாலும் நான் விடமாட்டேன், கொடுத்தவள் பெயர் இல்லாமல் அது எப்படி அன்பளிப்பு ஆகும்? மகள் பெயரையும் பாட்டி பெயரையும் ஒரு சின்ன வெள்ளித் தகட்டில் வெட்டச் சொல்லி, பின்னால் இருக்கிற தாங்குகாலில் பட்டு நூலால் கட்டிவிடுங்கள். நம் சேலத்துப் பட்டறையில் அரை நாள் வேலை.

எடுத்து வைக்கும்போது துவைத்த பழைய வேட்டித் துணி போதும். செய்தித்தாள், ரப்பர் பேண்ட், கம்பளி கூடாது, மூன்றிலும் கந்தகம் உண்டு. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிக் கல்யாண மண்டபம் போகிற வரை படுக்கவைக்காமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், தூக்கும்போது தாங்குகாலைப் பிடிக்க வேண்டாம், அதன் கீல்தான் முதலில் விடும்.