கே. சிவன்: கண்ணீருக்கு முந்தைய முப்பத்தேழு ஆண்டுகள்

கேள்வி: இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே. சிவன் என்றாலே, சந்திரயான்-2 நிலவில் இறங்கத் தவறிய 2019 செப்டம்பர் 7 அன்று பிரதமரின் தோளில் சாய்ந்து அவர் கண்கலங்கிய காட்சிதான் என் மாணவர்களின் நினைவுக்கு வருகிறது. பொறியாளராக அவர் செய்த வேலை என்னவென்று வகுப்பில் கேட்டார்கள். விளக்குவீர்களா?
(ஓர் ஆசிரியை, தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: ராக்கெட் எந்தப் பாதையில் பறக்க வேண்டும் என்று கணக்கிடுவதுதான் அவருடைய வேலை. நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர், தெ.தி. இந்துக் கல்லூரியில் கணிதப் பட்டம் பெற்ற பிறகே குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியலுக்குச் சென்றார். அந்தக் கணிதம் வீண்போகவில்லை. 1982இல் இஸ்ரோவில் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் திட்டத்தில் சேர்ந்தது முதல் அதுவே அவருடைய கருவியாக இருந்தது.

மாணவர்களுக்கு ஒன்றை மட்டும் விளக்க நேரமிருந்தால், காற்றைப் பற்றிச் சொல்லுங்கள். ஏறத்தாழ 10 முதல் 15 கிலோமீட்டர் உயரத்தில் பலத்த மேல்காற்று ராக்கெட்டைப் பக்கவாட்டில் தாக்குகிறது. விரைந்து செல்லும் ராக்கெட்டின் மீது காற்று மோதும் அழுத்தம் உச்சத்தை எட்டுவதும் கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான் என்பதால், மூக்கு காற்றோட்டத்திலிருந்து சில பாகை விலகினாலே உடற்பகுதி தாங்க முடியாத சுமை ஏறிவிடும். பருவத்தின் சராசரிக் காற்றை மட்டும் நம்பிப் பாதை வகுத்தால், அன்றைய காற்று மாறுபடும்போது ஏவுதலைத் தள்ளிவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஏவும் நாளிலேயே பலூன்களைப் பறக்கவிட்டுக் காற்றை அளந்து, அதற்கேற்பத் திருப்பக் கட்டளைகளைப் புதிதாகக் கணக்கிட்டு ராக்கெட்டின் கணினியில் ஏற்றும் முறையை வகுத்தவர் சிவன். வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டுகள் கிளம்புவதற்கு இந்த முறையும் ஒரு காரணம். ராக்கெட்டின் பயணத்தை முன்கூட்டியே கணினியில் நடத்திப் பார்க்கும் ‘சிதாரா’ மென்பொருளின் தலைமைச் சிற்பியும் அவரே.

அவருடைய பொறுமையைச் சோதித்தது ஜி.எஸ்.எல்.வி. 2010ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு முறை தோற்றுப்போயிருந்த அந்த ராக்கெட்டின் திட்ட இயக்குநர் பொறுப்பு 2011இல் அவரிடம் வந்தது. 2013 ஆகஸ்ட் 19 அன்று, ஏவுவதற்கு 74 நிமிடங்களே இருந்த நிலையில், ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் (இரண்டாவதாக எரியும் பகுதியில்) எரிபொருள் கசிவது தெரிந்து ஏவுதல் நிறுத்தப்பட்டது. ஒட்டுப்போட்டுச் சமாளிக்காமல், அந்தக் கட்டத்தையே மாற்றிவிட்டு, 2014 ஜனவரி 5 அன்று மீண்டும் ஏவினார்கள். மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்கும் உள்நாட்டு கிரையோஜெனிக் எஞ்சினுடன் ஜி.எஸ்.எல்.வி. பெற்ற முதல் வெற்றி அது. என் பார்வையில் அவருடைய பணிவாழ்வின் உச்சம் இதுதான். 2018 ஜனவரியில் கிடைத்த தலைவர் பதவி அதன் தொடர்ச்சியே.

கேள்வி: சந்திரயான்-2 தோல்விக்கு அவசரம்தான் காரணமா?
(ஒரு வாசகர், மதுரை)

பதில்: இல்லை. 2019 ஜூலை 15 அதிகாலையில், குடியரசுத் தலைவரே நேரில் வந்து காத்திருந்தபோதும், புறப்பட 56 நிமிடம் 24 விநாடி இருக்கையில் ராக்கெட்டில் கோளாறு கண்டு நிறுத்தியது அவர் தலைமையிலான இஸ்ரோதான். அதைச் சரிசெய்து, ஒரு வாரம் கழித்து, ஜூலை 22 அன்று ஏவினார்கள்.

பிழை நேர்ந்தது நிலவில் இறங்கும்போது. 30 கிலோமீட்டரிலிருந்து 7.4 கிலோமீட்டர் வரையிலான முதல் கட்டத்தில் லேண்டரின் வேகம் விநாடிக்கு 1,683 மீட்டரிலிருந்து 146 மீட்டராகத் திட்டப்படியே குறைந்தது. அடுத்த கட்டத்தில் வேகம் கணக்கிட்டதைவிட அதிகமாகக் குறைந்துவிட, அதற்குப் பிறகான நிலைகள் வடிவமைப்பின் எல்லையைத் தாண்டிப்போயின. லேண்டர் குறித்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் மோதி விழுந்தது. வேதனையான இழப்பு அது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே பயணத்தில் சென்ற ஆர்பிட்டர் நிலவைத் தொடர்ந்து சுற்றியது. அதன் கேமரா எடுத்த படங்கள் சந்திரயான்-3 இறங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க உதவின. சிவன் ஓய்வுபெற்று ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு, 2023 ஆகஸ்டில், புதிய லேண்டர் தரையிறங்குவதற்கு முன்பே அந்தப் பழைய ஆர்பிட்டருடன் தொடர்பு ஏற்படுத்திக்கொண்டது.