தக்காளித் தோட்டத்திலிருந்து கழிமுகச் சேற்றுக்கு

அண்ணா, கடலே இல்லாத கிருஷ்ணகிரிப் பக்கத்துக் காவேரிப்பட்டணத்தில் வளர்ந்த உங்கள் பாப்பாவுக்குக் கடலோரச் சேற்றில் கார்பன், நைட்ரஜன் ஆராய்ச்சி செய்ய எப்படி ஆசை வந்தது என்று கேட்டிருந்தீர்கள்.

பாதிப் பாடம் உங்களுக்கே தெரியும். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது ஏறக்குறைய 21 கிலோ. அந்தத் தழைச்சத்துதான் நைட்ரஜன். தக்காளிச் செடி எடுத்தது போக மிச்சத்தில் ஒரு பங்கு மழையில் கரைந்து தென்பெண்ணையில் இறங்குகிறது. ஆறு கடலூரில் கடலைச் சேர்கிறது. அங்கே காற்றுப் புகாத சேற்றில் இருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கே அனுப்பிவிடும். அந்த வேலை பாதியில் நின்றால் வருவது நைட்ரஸ் ஆக்சைடு. நூறு ஆண்டுக்குக் கணக்கிட்டால், அதே எடைக் கரியமில வாயுவைப் போல 270 மடங்குக்கு மேல் சூடேற்றும் சரக்கு அது. பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் விழும் இலை முழுசாக மட்காமல் கார்பனாகச் சேற்றிலேயே தங்குவதும் காற்று இல்லாததால்தான். எது எவ்வளவு தங்குகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்று அளப்பதே பாப்பா சொல்லும் வேலை.

சரி, படிப்பு. 'மரைன்' என்று பெயர் போட்ட பட்டப்படிப்பைத் தேடி இப்போதே அலைய வேண்டாம். பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் போதும், கணக்கை மட்டும் கைவிடக் கூடாது. அப்புறம் எம்.எஸ்சி.க்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், கொச்சியில் குசாட் எனும் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று பார்க்கலாம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிவிட்டால் பிஎச்.டி.யில் முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. தோப்பை அடகு வைக்க வேண்டியதில்லை.

கசப்பையும் சொல்லிவிடுகிறேன். பிஎச்.டி. முடிய 27, 28 வயதாகும். கோவாவின் தேசிய கடலியல் நிறுவனம், சென்னையின் தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையம் போன்ற இடங்களில் நிரந்தர வேலை குறைவு, ஒப்பந்தத் திட்டங்களே அதிகம். அதனால்தான் வேதியியல் என்கிறேன். கடல் கைவிட்டாலும் நீர் பரிசோதனைக் கூடம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று வழி இருக்கும். கல்யாணப் பேச்சை எம்.எஸ்சி. வரையாவது எடுக்காதீர்கள், இது நான் உரிமையில் சொல்வது.

ஒரு சனிக்கிழமை பிச்சாவரம் கூட்டிப் போங்கள். படகில் போட்டோ எடுத்ததோடு திரும்பிவிடாமல், தண்ணீர் இறங்கும் நேரத்தில் கரையோரம் நிற்க வையுங்கள். சேற்றிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வரும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாளா, ஏன் நாறுகிறது என்று கேட்கிறாளா, பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள்.