பைபிளின் படைப்பு வரலாற்றை அறிவியலால் சோதித்துப் பார்க்க முடியுமா?

கேட்டவர் சபையில் வளர்ந்து இப்போது கல்லூரியில் அறிவியல் படிக்கிற பிள்ளை என்று யூகிக்கிறேன். விடுதியில் நண்பர்கள் கிண்டல், வீட்டுக்குப் போனால் அம்மாவின் ஜெபம். சரிதானே?

பாதியைச் சோதிக்கலாம், பாதியை முடியாது. "கடவுள் உண்டாக்கினார்" என்பதை எந்த ஆய்வுக்கூடத்துக்கும் எடுத்துப் போக முடியாது. ஆனால் "பூமிக்கு வயது ஆறாயிரம்தான், இந்த மண்ணெல்லாம் நோவா காலத்து வெள்ளத்தில் வந்தது" என்று ஒருவர் சொன்னால் அது மண்ணைப் பற்றிய பேச்சு. மண்ணைத் தோண்டிப் பார்த்துவிடலாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நாத்திகன் இல்லை. பொறையாறு பக்கம் லுத்தரன் குடும்பம், ஞாயிறு ஆராதனை தவறுவதில்லை, பாடகர் குழுவில் நிற்கிறேன். பள்ளியில் அறிவியல் நடத்துகிறவன் என்பதால் வேதத்தைக் குறை சொல்கிறான் என்று கிளம்பப் போகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கிளம்பலாம்.

எங்கள் கொல்லையில் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போட்டபோது நடந்ததைச் சொல்கிறேன். காவிரி டெல்டாவில் போர் எதற்கு என்பீர்கள். ஜூன் 12 மேட்டூர் திறந்தாகிவிட்டது என்று டிவியில் பூத்தூவுவதைக் காட்டுவார்கள். கடைமடையில் இருக்கிற எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் நாற்றுவிடும் பருவம் போய்விடும். தூர்வார வருகிற ஜேசிபி, ரோட்டில் நின்று பார்த்தால் தெரிகிற தூரம் வரை வாரிவிட்டு, வாரிய மண்ணைக் கரையிலேயே கொட்டிவிட்டுப் போகும். அடுத்த மழைக்கு அது மறுபடி வாய்க்காலுக்குள். யாரிடம் சொல்வது? அது கிடக்கட்டும்.

போர் போடுகிறவர்கள் பத்தடிக்கு ஒரு முறை வெளியே வரும் மண்ணைத் தனித்தனிக் குவியலாக வரிசையில் வைப்பார்கள். பருமணல் எந்த ஆழத்தில் வருகிறதோ அங்கேதான் ஃபில்டர் பைப் நிற்க வேண்டும். எங்கள் கொல்லையில் மேலே பழுப்பு வண்டல். அப்புறம் சாம்பல் நிறக் களி, விரலில் ஒட்டினால் விடாது. அதற்குக் கீழே பொடிமணல். மறுபடி களி, இந்த முறை கறுப்பு. மக்கிய வேர்த் துணுக்குகளோடு சேற்று நாற்றம். அதற்கும் கீழே மட்டிச் சிப்பி உடைசல் கலந்த மணல்.

அன்று சாயங்காலம் எழுப்புதல் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த ஊழியக்காரரை அம்மா ஜெபிக்க அழைத்திருந்தார். அவர் சிப்பியைப் பார்த்துவிட்டார். "பாருங்க பிரதர், பூமிக்கடியில கடல் சிப்பி. ஜலப்பிரளயத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வையுங்கள் ஐயா. பருமணல் முதலில் அடியில் உட்காரும், பொடிமணல் அதன் மேல், களி கடைசியில். ஒரே வெள்ளம் என்றால் அந்த வரிசை ஒரே ஒரு முறைதான் வரவேண்டும். இங்கே களிக்கு அடியில் மணல், அதற்கு அடியில் மறுபடி களி. நடுவில் வேர் வேறு. வேர் இருந்தால் அந்த மட்டம் ஒரு காலத்தில் தரையாக இருந்து செடி முளைத்திருக்கிறது. கடல் உள்ளே வந்திருக்கிறது, பின்வாங்கியிருக்கிறது, ஆறு இடம் மாறியிருக்கிறது" என்றேன். அவர், இவ்வுலகத்தின் ஞானம் தேவனுக்கு முன்பாகப் பைத்தியம் என்ற பவுலின் வசனத்தைச் சொன்னார். போர்க்காரருக்கு எங்கள் இருவர் மேலும் அக்கறை இல்லை. பைப்பை இறக்கலாமா என்று கேட்டு நின்றார். அம்மா காபி கொண்டுவந்து பேச்சை மாற்றிவிட்டார்.

இந்த மேல்மண் எல்லாம் சில ஆயிரம் ஆண்டுக் கதைதான். கொள்ளிடத்தைத் தாண்டி அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் போனால் கணக்கே வேறு. அங்கே காரை என்ற ஊர்ப் பகுதியில் கிடைக்கும் அம்மோனைட்டுகள் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூண்டோடு அழிந்துபோன, சுருள் ஓடுள்ள கடலுயிர்கள். சாத்தனூர் கல்மரம் 12 கோடி ஆண்டு பழையது என்கிறது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. "கார்பன் டேட்டிங்கே பொய்" என்பவர்களுக்கு: கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டு. ஏறக்குறைய ஐம்பதாயிரம் ஆண்டுக்கு மேல் அது உதவாது, கோடி ஆண்டுப் பாறைக்கு அதை யாரும் பயன்படுத்துவதும் இல்லை. அங்கே யுரேனியம் ஈயமாக மாறும் கணக்குதான் பேசும். விண்கற்களிலுள்ள ஈயத்தை அளந்துதான் அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன் 1956இல் பூமிக்கு 455 கோடி ஆண்டு என்றார். ஆறாயிரம் என்ற எண்ணோ வேதத்தில் எங்கும் இல்லை. வம்ச அட்டவணை வயதுகளையும் அரசர்களின் ஆட்சிக் காலங்களையும் வைத்து, அயர்லாந்துப் பேராயர் அஷர் 1650இல் கி.மு. 4004 என்று போட்ட கணக்கின் மிச்சம் அது.

ஊழியக்காரரைவிட எனக்கு எரிச்சல் தருபவர்கள் "ஒரு நாள் என்றால் ஒரு யுகம், எல்லாம் அறிவியலோடு ஒத்துப்போகிறது" என்கிற படித்தவர்கள். அந்த ஒரு நாளை எவ்வளவு நீட்டினாலும் வரிசை உதைக்கிறதே? ஆதியாகமத்தில் கனிமரங்கள் மூன்றாம் நாள், சூரியன் நான்காம் நாள், மீனும் பறவையும் ஐந்தாம் நாள், தரை விலங்குகள் ஆறாம் நாள். பாறையில் மீன்கள்தான் முதலில்; பூத்துக் காய்க்கும் மரங்கள் அதற்குப் பல கோடி ஆண்டுகள் கழித்து; பறவைகள் தரையில் ஓடிய ஊர்வனவற்றுக்குப் பின்னால். இரண்டாம் அதிகாரத்திலோ மனிதனுக்குப் பிறகுதான் மிருகங்கள் வருகின்றன. எழுதியவருக்கு உயிரியல் பாடம் நடத்தும் எண்ணமே இல்லை என்பதற்கு வேறென்ன வேண்டும்? "வெளிச்சம் உண்டாகக்கடவது" என்பது பெருவெடிப்புதான் என்று பிரசங்கிப்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கொள்கைக்கு விதை போட்ட லெமைட்ரே ஒரு கத்தோலிக்கக் குருவானவர். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அதைப் படைப்போடு சேர்த்துப் பேசியபோது லெமைட்ரேவுக்கே பிடிக்கவில்லை. தன் கணக்கை மதத்துக்குச் சாட்சியாக்க அவர் விரும்பவில்லை.

எங்கள் தரங்கம்பாடியிலும் அந்தக் காலத்து மிஷனெரிகள் அறிவியலைக் கண்டு ஓடவில்லை. உயிர்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768இல் இங்கேதான் வந்து செடி சேகரித்தார். மிஷனெரி ஜான் ஐயர் மீன்களைச் சேகரித்து ஜெர்மனியில் இருந்த மீன் ஆய்வாளர் பிளோக்குக்கு அனுப்பினார். கத்தாழை மீன்களில் ஒரு பேரினத்துக்கு ஜானியஸ் என்று அவர் பெயரையே பிளோக் வைத்தார். கையில் வேதமும் மீனுமாகத்தான் அவர்கள் இருந்தார்கள். அந்த மண்ணில் நின்றுகொண்டு நாங்கள் சிப்பிக்குச் சண்டை போடுகிறோம்.

நீங்கள் அம்மாவிடம் இதையெல்லாம் வைத்து வாதாட வேண்டாம், அவர் கேட்கவே இல்லையே. துறையில் களப்பயணம் என்றால் காரைக்குப் பெயர் கொடுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், அங்கே ஒதுங்க நிழல் கிடையாது. அம்மோனைட்டைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். வருகிறவர்கள் எல்லாம் நினைவுப் பொருள் என்று ஆளுக்கொன்று தூக்கிப் போனால் பின்னால் வருகிறவன் எதைப் பார்ப்பான்?