தாத்தா பெட்டியில் பழைய நோட்டு: லேமினேட் செய்யலாமா, விற்கலாமா?

கேள்வி: மேலூர் பக்கம் எங்கள் ஊர். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் நிலப் பத்திரங்களுக்கு அடியில் ராஜா தலை போட்ட ஒரு ரூபாய் நோட்டு ஒன்று, காந்தி உட்கார்ந்திருக்கும் பத்து ரூபாய் நோட்டு இரண்டு, 2016இல் செல்லாமல் போன 500 ரூபாய் நோட்டு ஏழு கிடைத்தன. பழைய நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருவதாக வாட்ஸ்அப்பில் வருகிறதே, நம்பலாமா? லேமினேட் செய்து வைக்கலாமா?

பதில்: லேமினேட் கடைப் பக்கமே போய்விடாதீர்கள். சூட்டில் உருகும் பசை தாளோடு ஒட்டிவிட்டால் அதைப் பிரிக்க வழியில்லை. வாங்க வருபவர் பார்த்ததும் கையை எடுத்துவிடுவார். இஸ்திரி போடுவது, சோப்புத் தண்ணீரில் அலசுவது, கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டுவது எல்லாமே கூடாது. மடிப்பு விழாத சலவை நோட்டுக்கு ஒரு விலை, அதே நோட்டு நான்காக மடிந்திருந்தால் வேறு விலை. பின் குத்திய துளைக்காக ரொம்பக் கவலைப்பட வேண்டாம், அந்தக் காலத்துக் கட்டுகளில் அது சகஜம்.

இப்போது ஒரு ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ராஜாவின் படம் நாணய வடிவில் அச்சாகியிருக்கும். தாடி வைத்தவர் என்றால் ஐந்தாம் ஜார்ஜ், மழித்த முகம் என்றால் ஆறாம் ஜார்ஜ். முதல் உலகப்போரில் வெள்ளி தட்டுப்பாடாகி, வெள்ளி ரூபாய்க்குப் பதிலாக 1917 நவம்பர் 30ஆம் தேதி வந்ததுதான் முதல் ஒரு ரூபாய் நோட்டு. 1926இல் நிறுத்தினார்கள். அடுத்த போர் வந்ததும் 1940இல் மறுபடி அச்சடித்தார்கள். அந்த நாணயப் படத்தில் உள்ள ஆண்டே உங்களுக்கு விவரம் சொல்லிவிடும். 1940 நோட்டு இன்னும் நிறையப் பேர் வீட்டில் இருக்கிறது, பெரிய தொகை எதிர்பார்க்காதீர்கள். 1917 என்றால் அவசரப்பட்டு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

பத்து ரூபாய், காந்தி நூற்றாண்டுக்காக 1969இல் வந்தது. பின்னணியில் சேவாகிராம் ஆசிரமம், அதற்கு முன் மேலாடை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் காந்தி. அந்தக் கோலத்துக்கு அவர் மாறியது 1921 செப்டம்பரில், நம் மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது. நோட்டில் மதுரை பெயர் இல்லாவிட்டாலும் நமக்கு அதில் பங்கு உண்டு! சரி, விலைக்கு வருவோம். கையெழுத்தைப் பாருங்கள். அப்போதைய ரிசர்வ் வங்கி கவர்னர் எல்.கே. ஜா கையெழுத்திட்டதுதான் அதிகம் புழங்கியது. அவருக்குப் பின் 1970இல் ஒன்றரை மாதம் மட்டும் கவர்னராக இருந்த பி.என். அதார்க்கர் கையெழுத்தோடும் இதே நோட்டு உண்டு. சேகரிப்பவர்கள் அதைத் தனியாகத் தேடுவார்கள்.

500 ரூபாய் நோட்டுகளை இனி எந்த வங்கியிலும் மாற்ற முடியாது. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, செல்லாத 500, 1000 நோட்டுகளைச் சேர்த்துப் பத்து வரை ஒருவர் வைத்திருக்கலாம். ஆய்வுக்கோ சேகரிப்புக்கோ என்றால் 25 வரை. உங்களிடம் ஏழுதானே, பயமில்லை.

லட்சம் தருவதாக வரும் விளம்பரம் தூண்டில். முதலில் போட்டோ கேட்பார்கள், அப்புறம் பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று உங்களிடமிருந்தே கறப்பார்கள். ரிசர்வ் வங்கியின் முத்திரையைக்கூட அனுப்புவார்கள். பழைய நோட்டு வாங்கி விற்பது தங்கள் வேலையே இல்லை என்று அந்த வங்கி 2021இலேயே எச்சரித்திருக்கிறது. புனித எண்ணாகச் சிலர் கருதும் 786 வரும் நோட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பவர்கள் உண்டுதான். அதற்காக லட்சம் என்பதெல்லாம் கதை.

விற்பதானால் நாணயக் கண்காட்சி நடக்கும்போது நேரில் கொண்டுபோய் இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். முதல் ஆளிடமே முடித்துவிட வேண்டாம். அதுவரை, பிவிசி பிளாஸ்டிக் கலக்காத உறையில் ஒவ்வொன்றாகப் போட்டு, கெட்டி அட்டைக்கு நடுவே படுக்கையாக வையுங்கள். ராமபாணப் பூச்சி வந்த டிரங்குப் பெட்டி என்றால் அதிலேயே திரும்ப வைக்காதீர்கள்.