வாங்கிப் பாடுகிறவர்களுக்காக: நாமசங்கீர்த்தனம் – கேள்வி பதில்

மார்கழி நெருங்குகிறது. பஜனை, கடவுளின் நாமத்தைக் கூடிப் பாடும் நாமசங்கீர்த்தனம் பற்றி யார் வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கும்பகோணம் பக்கத்தில் ஒரு பஜனை மடத்தில் ஜால்ரா தட்டும் பையனாக உட்கார்ந்தவன் நான். நாற்பது வருடம் ஓடிவிட்டது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஜாதகம், பரிகாரம் மட்டும் என்னிடம் வேண்டாம்.

திருச்சியிலிருந்து ஒரு ஆசிரியை: எனக்குக் குரலும் இல்லை, ராகமும் தெரியாது. பஜனைக்கு வந்து உட்காரலாமா, ஐயா?

வாருங்கள் அம்மா. பஜனை உங்களை மாதிரி ஆட்களுக்காகவே ஏற்பட்டது. கச்சேரியில் பாடுவது ஒருவர், மற்றவர்கள் கேட்பார்கள். பஜனையில் பாகவதர் ஒரு அடியை எடுத்துக் கொடுப்பார், பாட்டு அதை வாங்கிப் பாடுகிற கூட்டத்துடையது. எடுத்துக் கொடுப்பவர் என்ன பாடுகிறார் என்று காதில் வாங்கினால்தான் வாயில் வரும். அதனால் முதல் வாரம் வாயைத் திறக்கவே வேண்டாம். தாளத்தை மட்டும் தொடையில் போடுங்கள். அடுத்த வாரம் ஒவ்வொரு அடியின் கடைசிச் சொல்லை மட்டும் சேர்ந்து சொல்லுங்கள். 'கோவிந்தா' என்று முடிந்தால் அந்தக் 'கோவிந்தா'வில் மட்டும் சேருங்கள். ஒரு மாதத்தில் முழு அடியும் தானாக வந்துவிடும்.

கும்பகோணம் பக்கத்துக் கோவிந்தபுரத்தில், நாமசங்கீர்த்தனத்தைப் பரப்பிய துறவி போதேந்திர சுவாமிகளின் அதிஷ்டானம் (சமாதி) இருக்கிறது. காவிரி வெள்ளத்தில் அந்த இடம் மணல் மூடி, எங்கே என்றே தெரியாமல் போயிருந்ததாம். பின்னால் வந்த மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் ஆற்று மணலில் அங்கங்கே காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். ஓரிடத்தில் மண்ணுக்குள்ளிருந்து ராம நாமம் கேட்டது. அங்கேதான் அதிஷ்டானம் எழுந்தது என்பது எங்கள் பரம்பரையில் சொல்லும் செய்தி. தென்னாட்டு பஜனைக்கு முறை வகுத்துக் கொடுத்தவர் அந்தச் சத்குரு சுவாமிகள். அவரைப் பற்றி நாங்கள் முதலில் சொல்லும் கதை, அவர் பாடியதை அல்ல, காது கொடுத்துக் கேட்டதைப் பற்றியது.

சென்னை, அடுக்குமாடிக் குடியிருப்புச் செயலாளர்: சனிக்கிழமை பஜனைக்கு எத்தனை ஸ்பீக்கர் வைக்கலாம்? ஒரு வீட்டுக்காரர் போலீசுக்குப் போவேன் என்கிறார்.

ஒன்றும் வேண்டாம். முப்பது பேர் உட்காரும் கூடத்துக்கு மைக் எதற்கு? சட்டத்தைக் கேட்டால், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஆனால் நான் சட்டத்துக்காகச் சொல்லவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் ராதா கல்யாணம், ராதைக்கும் கிருஷ்ணனுக்கும் பாட்டாலேயே நடத்தும் கல்யாண பஜனை. பெரிய பெரிய பெட்டிகளாக அடுக்கியிருந்தார்கள். நான் பாடிக்கொண்டே இரண்டாவது வரிசையைப் பார்த்தேன். ஒரு உதடும் அசையவில்லை. என் குரல் அவர்கள் தலைக்கு மேல் இடிபோல விழும்போது அவர்கள் எதற்குப் பாட வேண்டும்? மைக்கை அணைக்கச் சொன்னேன். சுருதியையும் ஒரு கட்டை இறக்கினேன். ஐந்து நிமிஷம் சங்கடமான மௌனம். பிறகு ஒரு பாட்டி ஆரம்பித்தார், பக்கத்தில் இருந்த பேத்தி சேர்ந்துகொண்டாள். கால் மணி நேரத்தில் கூடமே பாடியது. அன்றைக்குப் பிடித்துக்கொண்டது: வாங்கிப் பாடுகிறவர்களின் வாயை மைக் அடைக்கும்.

கோயம்புத்தூர்: குருவிடம் உபதேசம் பெறாமல் நாமம் சொல்லலாமா? உச்சரிப்புத் தவறினால் பாவம் என்கிறார்களே?

மந்திரம் வேறு, நாமம் வேறு. மந்திரத்துக்கு உபதேசம், நியமம், ஸ்வரம் எல்லாம் உண்டு. அதைக் கூட்டத்தில் உரக்கச் சொல்வதும் வழக்கமில்லை. அது பற்றி உங்கள் குருவைக் கேளுங்கள். நாமத்துக்கு அந்த நிபந்தனைகள் கிடையாது. கலிசந்தரண உபநிஷத்தில் நாரதர் பிரம்மாவிடம் இதையே கேட்கிறார், 'இதற்கு விதி என்ன?' என்று. விதி இல்லை, சுத்தமாக இருந்தாலும் அசுத்தமாக இருந்தாலும் சொல்லலாம் என்பது பதில். போதேந்திரர் எழுதிய 'நாமாம்ருத ரஸோதயம்', 'நாமாம்ருத ரஸாயனம்' போன்ற நூல்களின் உயிரும் அதுதான்: யாரும், எங்கும், எப்போதும்.

உச்சரிப்பைத் திருத்திக்கொள்ள முயலுங்கள். பயந்துபோய் நிறுத்தாதீர்கள்.

சேலம்: 'ஹரே ராம' முதலிலா, 'ஹரே கிருஷ்ண' முதலிலா?

கலிசந்தரண உபநிஷத்தில் அச்சிட்டு வருவது 'ஹரே ராம' முதலாக. சைதன்யர் வழி வந்த கௌடீயர்கள் 'ஹரே கிருஷ்ண' முதலாகச் சொல்கிறார்கள். பதினாறு நாமமும் அவையேதான். நீங்கள் சேர்ந்திருக்கும் கோஷ்டி எப்படிச் சொல்கிறதோ அப்படிச் சொல்லுங்கள்.

திருநெல்வேலி: எனக்குப் பாடத் தெரியாது, வரலாமா அண்ணா?

முதல் பதிலைப் படித்துவிட்டு வாருங்கள்.

பெங்களூரு: ஆண்களும் பெண்களும் கலந்த குழு. சுருதி சேரவே மாட்டேன் என்கிறது. பெண்களுக்கு இறங்கிப்போகிறது, ஆண்களுக்கு எட்டவில்லை.

இந்த மாதிரிக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். ஆண் குரலுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை சௌகரியம். பெண் குரலுக்கு ஐந்து, ஐந்தரை. யாரோ ஒரு பக்கத்தார் கஷ்டப்பட்டே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள். சுருதிப்பெட்டியை இரண்டரையில் வையுங்கள். ஷட்ஜமத்திலிருந்து (ஸ) பஞ்சமம் (ப), மிஞ்சினால் தைவதம் (த) வரை போகும் மெட்டுகளையே எடுங்கள். ஆண்கள் கீழ் ஸ்தாயியிலும் பெண்கள் அதற்கு ஒரு ஸ்தாயி மேலும் பாடுவார்கள், இரண்டு பேருக்கும் இடறாது. கடவுள் பெயர்களை அடுக்கிய பழைய நாமாவளிகளைப் பாடிப் பாருங்கள். பெரும்பாலானவை இந்த நாலைந்து ஸ்வரத்துக்குள்ளேயே அடங்கும். தாரஸ்தாயிக்கு (மேல் ஸ்தாயிக்கு) போகும் சங்கதி உங்களுக்கு எவ்வளவு அழகாக வந்தாலும் வீட்டில் பாடிக்கொள்ளுங்கள்.

காலமும் முக்கியம். விளம்பத்தில், அதாவது மெதுவாக, ஆரம்பித்த நாமாவளியை எட்டு, பத்து முறை அதே நடையில் பாடிய பிறகே தூக்க வேண்டும். ஜால்ரா போடுகிறவர் உற்சாகத்தில் ஓடிவிடுவார், அவர் கையைப் பாருங்கள். உச்சத்துக்குப் போனதும் நிறுத்தி, உடனே ஜயகோஷம் போடாமல் இரண்டு மூச்சு சும்மா இருங்கள். சுருதிப்பெட்டி மட்டும் ஒலிக்கட்டும். மைக் இருந்தால் அந்த அமைதியும் கெடும், மறுபடியும் சொல்லி வைக்கிறேன்.

மதுரை: தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் மராத்தியிலும் பாடுகிறீர்கள். தமிழ் எங்கே போயிற்று?

இதற்கு ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவர்: பத்ததி என்றால் பத்ததி. எதை எந்த வரிசையில் பாடுவது என்று பெரியவர்கள் வகுத்ததில் ஒரு அட்சரம் மாற்றக் கூடாது.

மதுரைக்காரர் மறுபடியும்: திருவாசகம் உருகாதவரையும் உருக்கும். அதை விட்டுவிட்டு அர்த்தம் தெரியாததைப் பாடுவது பக்தியா?

இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

பத்ததி எப்படி வந்தது? காவிரிக் கரையில் தஞ்சையை முதலில் தெலுங்கு பேசிய நாயக்கர்கள் ஆண்டார்கள், 1676 முதல் மராத்தியர்கள். திருவிசநல்லூரில் ஸ்ரீதர ஐயாவாள், கோவிந்தபுரத்தில் போதேந்திரர், மருதாநல்லூரில் சத்குரு சுவாமிகள், எல்லாம் கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்கள். அந்த மண்ணுக்கு அன்று என்னென்ன பாட்டு வந்து சேர்ந்ததோ எல்லாவற்றையும் அவர்கள் அணைத்துக்கொண்டார்கள். ஒரிசா பக்கத்து ஜெயதேவரின் அஷ்டபதி இருபத்துநாலு, நாராயண தீர்த்தரின் தரங்கம், பண்டரிபுரத்து அபங்கம், புரந்தரதாசரின் கன்னடம், பத்ராசல ராமதாசரின் தெலுங்கு. தமிழை ஒதுக்க வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. பின்னாளில் புதுக்கோட்டை கோபாலகிருஷ்ண பாகவதர் பத்ததியை விரித்தார். ஆகவே ஸ்ரீரங்கத்து அன்பரே, ஒரு அட்சரமும் மாறாத பத்ததி என்று ஒன்று இருந்ததே இல்லை. நான் பஜனையில் திவ்யநாமம் என்கிற பகுதியில் குத்துவிளக்கைச் சுற்றி ஆடும்போது திருப்புகழ் பாடுகிறேன். என் குருநாதர் பாடினார், நானும் பாடுகிறேன். அந்தச் சந்தத்துக்குக் கால் தானாக எழும்.

மதுரை அன்பருக்கு: கூடிப் பாடுவதைத் தமிழுக்கு யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுக்கவில்லை. 'வாழாட்பட்டு நின்றீர் உள்ளீரேல் வந்து மண்ணும் மணமும் கொண்மின்' என்று பெரியாழ்வார் திருப்பல்லாண்டில் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கிறார். ஆண்டாள் 'கூடியிருந்து குளிர்ந்து' என்கிறாள். பெருமாள் புறப்பாட்டில் திவ்யப்பிரபந்த கோஷ்டி முன்னால் போகிறது, வேதபாராயணம் பின்னால் வருகிறது. தமிழுக்கு அந்த முதலிடம் இன்றும் நடக்கிறது. திருவாசகம் 658 பாட்டையும் ஒரே அமர்வில் முற்றோதல் செய்கிற அடியார் கூட்டங்கள் எத்தனை ஊரில்! வள்ளிமலை சுவாமிகள் 1917-ல் திருத்தணியில் படித் திருவிழாவை ஆரம்பித்தார். ஆங்கிலப் புத்தாண்டுக்குத் துரைமார்களைப் பார்க்கப் போன ஜனங்களைத் திருப்புகழ் பாடிக்கொண்டே மலைப் படி ஏற வைத்தார். தமிழில் பாட ஆசைப்பட்டால் இவற்றில் போய்ச் சேருங்கள். எதையும் ஒழித்துவிட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும் என்பதில்லை.

ஆனால் அர்த்தம் தெரியாமல் பாடுவது பற்றி நீங்கள் கேட்டது என்னைச் சுட்டது. சரியான கேள்வி. ஒரு தடவை ராமதாசர் கீர்த்தனம் ஒன்றைத் துரிதத்தில் பாடிக்கொண்டிருந்தோம், எல்லாரும் கைதட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக. மூலையில் ஒரு தெலுங்குக்கார அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டேன். 'அவர் கோல்கொண்டா சிறையில் அடிபட்டுக்கொண்டு, உனக்குச் செய்துபோட்ட நகைக்கெல்லாம் இவ்வளவு செலவு செய்தேனே ராமா, என்னைக் கைவிட்டாயே என்று சண்டை போடுகிறார். நீங்கள் கைதட்டுகிறீர்கள்' என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. முப்பது வயது வரை அந்தப் பாட்டை நான் பாடியிருக்கிறேன், கேட்டதில்லை. அதற்குப் பிறகு எங்கள் மடத்தில் வேற்றுமொழிப் பாட்டு எதுவானாலும் முதலில் தமிழில் இரண்டு வரி பொருள் சொல்லிவிட்டுத்தான் சுருதி பிடிப்பது. அந்தக் கீர்த்தனத்தை இப்போது விளம்பத்தில் பாடுகிறோம்.

ஸ்ரீரங்கம்: அப்படியானால் சினிமா மெட்டில் நாமம் போடுவதும் சரிதானா?

அதை நான் சொல்லவில்லை. மெட்டைக் கேட்டதும் கூட்டத்துக்கு அந்தப் படத்தின் காட்சி நினைவுக்கு வரும். நாமம் பின்னால் போய்விடும். வேண்டாம். இந்த மொழிச் சண்டையை இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஈரோடு: சிவ நாமத்தையும் விஷ்ணு நாமத்தையும் கலந்து பாடலாமா?

பாடலாம், பாட வேண்டும். நாமம் சொல்கிறவர்கள் செய்யக் கூடாத நாம அபராதம் பத்தில் சிவ விஷ்ணு பேதம் பார்ப்பதும் ஒன்று. 'நம: பார்வதீ பதயே' என்றால் 'ஹர ஹர மகாதேவா', 'கோபிகா ஜீவன ஸ்மரணம்' என்றால் 'கோவிந்தா கோவிந்தா'. இரண்டும் ஒரே மூச்சில் வருவதுதான் எங்கள் வழக்கம்.

ஒரு வாசகர்: கூட்டாக நாமம் சொன்னால் ரத்த அழுத்தம் குறையும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் உண்டா?

மருத்துவரைக் கேளுங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

தஞ்சாவூர்: பெண்கள் பாகவதராக உட்கார்ந்து எடுத்துக் கொடுக்கலாமா? மாதத்தில் மூன்று நாள்?

தாராளமாக எடுத்துக் கொடுக்கலாம். நான் இப்போது வாங்கிப் பாடுகிற இரண்டு கோஷ்டிகளில் பெண்கள்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். மூன்று நாள் பற்றி, கோயமுத்தூருக்குச் சொன்ன உபநிஷத்து பதிலே போதும். கோயில் வழக்கம், வீட்டு வழக்கம் உங்கள் விஷயம். நாமத்துக்குத் தடை கிடையாது.

கரூர்: சுமாராகத்தான் பாடுவேன். பஜனைக்கு வந்தால் சிரிப்பார்களோ?

இது மூன்றாவது தடவை. சிரிக்கிற இடமாக இருந்தால் எழுந்து வேறு இடம் போங்கள். பாடுங்கள்.

புதுச்சேரி: சூரிய உதயத்திலிருந்து மறு உதயம் வரை அகண்ட நாமம் வைக்கிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

மணிக்கு நாலு பேர் என்று பெயர் எழுதி ஒட்டுங்கள். மாலையில் எல்லாரும் வருவார்கள், இரவு இரண்டிலிருந்து நாலு வரைதான் அறுந்துபோகும். அந்த நேரத்துக்கு முதலில் ஆள் பிடியுங்கள், கல்லூரிப் பையன்கள் நன்றாகத் தாங்குவார்கள். அடுத்த கோஷ்டி வந்து உட்கார்ந்து இரண்டு சுற்று சேர்ந்து பாடிய பிறகே முன்னவர்கள் எழ வேண்டும். வெந்நீர், சுக்கு வையுங்கள். கத்த வேண்டாம், பேசுகிற குரலில் இருந்தால் போதும். மைக் கேட்கவே கேட்காதீர்கள்.

மயிலாடுதுறை பக்கத்துக் கிராமம்: எங்கள் தெருவில் மார்கழி பஜனை நின்று பத்து வருஷம் ஆகிறது. நானும் என் சித்தப்பாவும் மட்டும் இருக்கிறோம். ஆரம்பிக்கலாமா?

ஆரம்பியுங்கள். ஒருவர் எடுக்க, ஒருவர் வாங்க, அது போதும். பாட்டு தேட வேண்டாம். திருப்பாவை முப்பது, திருவெம்பாவை இருபதும் திருப்பள்ளியெழுச்சி பத்தும் சேர்ந்து முப்பது. நாளுக்கு அதில் ஒன்று, இதில் ஒன்று. மாதம் 29 நாளில் முடிந்தால் கடைசி நாள் இரண்டிரண்டாகப் பாடிவிடுங்கள். ஐந்தரைக்குப் பெருமாள் கோயில் வாசலில் கிளம்பி, சிவன் கோயில் வாசலில் முடியுங்கள். கையில் ஒரு விளக்கு, ஒரு ஜோடி ஜால்ரா. வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர்கள் இருக்கும் வீட்டு முன்னால் நின்று ஒரு முழுப் பாட்டு பாடுங்கள். அவர்கள் கை கோலத்தில் இருந்தாலும் காது உங்களிடம் இருக்கும். பனிக்குத் தலையில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். சித்தப்பாவுக்குப் பல்லவி எந்தச் சுருதியில் சுலபமாக வருகிறதோ அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், உங்களுடையதில் இழுக்காதீர்கள். முதல் பாசுரத்தை இன்றைக்கே அவரோடு உட்கார்ந்து பாடிப் பாருங்கள்.